ரொக்கத்துக்கு வீடு விற்றல்

யாழ்ப்பாணத்திலே ஒரு வீடு விலைக்கு வந்திருப்பதாகக் கொள்வோம். விற்பவர் கணவனை இழந்த முதிய தாயார். வேறு ஆதனம் அவருக்கில்லை. இருவர் கேட்டு வருகின்றனர். ஒருவர் வங்கிக் கடன் பெற்று வாங்க எண்ணுபவர். மற்றவரோ, "கடன் கிடன் ஒன்றும் வேண்டாம், அம்மா; முழுப் பணமும் கையில் உண்டு. அடுத்த கிழமையே உறுதி முடிப்போம்; விலையில் மட்டும் கொஞ்சம் குறையுங்கள்" என்கிறார். தாயாரின் மனம் இரண்டாமவர்பாற் சாய்வது இயல்பே.

கடன் பெறுபவரின் வசதியை வங்கியே துருவி ஆராய்ந்துவிடும். ரொக்கக்காரரை ஆராயும் பொறுப்போ விற்பவர் தலையிலேயே விழுகின்றது. மருமகனைத் தேடும்போது ஊரெல்லாம் விசாரிக்கும் யாழ்ப்பாணத்தார், வீடு வாங்க வருபவரிடம் பணம் உண்டா என வினவக் கூசுவது விந்தையே.

வினவினால் அவர் காட்டுவது யாது? பெரும்பாலும் கைத்தொலைபேசியில் ஒரு படம். அது சான்றாகாது. இன்றுள்ள பணம் நாளை வேறிடம் போகலாம். நிலையான வைப்பாயின் அது முன்னரே ஒரு கடனுக்கு ஈடாக நிற்கவும் கூடும். ஆதலின் வாங்குபவரின் பெயருக்கு அண்மையில் வழங்கப்பட்ட வங்கிக் கடிதத்தைக் கேட்டு, அவருடைய சம்மதத்தோடு அக்கிளையிலேயே விசாரித்தல் நன்று. சம்மதமின்றி வங்கி வாய்திறவாது. "கனடாவிலிருந்து தமையன் அனுப்புவார்" என்பவரிடம் பணம் இன்னும் வந்து சேரவில்லை என்பதே பொருள். 2006ஆம் ஆண்டின் நிதிக் கொடுக்கல் வாங்கல் அறிக்கையிடற் சட்டத்தின் பின்னர், பெருந்தொகை எங்கிருந்து வந்ததென வங்கிகளும் வினவுகின்றன; நேர்மையான வாங்குநர் அக்கேள்விக்கு விடை வைத்திருப்பார்.

இனி, உறுதி எழுதும் நாள். ஆபத்து மிகுந்த நாள் இதுவே. 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்பனை நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளோடு ஒப்பமிடப்பட வேண்டும். பணம் தம் முன்னிலையிற் கொடுக்கப்பட்டதா அன்றோ என்பதையும் நொத்தாரிசு தமது அத்தாட்சியிற் குறித்தல் வேண்டும். "பணத்தை முன்னரே பெற்றுக்கொண்டேன்" என்று பெறாதவர் ஒப்பமிடுவாராயின், பின்னர் வீடும் போய், வழக்கொன்றே கையில் எஞ்சும்.

காசோலையை ஏற்று அன்றே ஒப்பமிடுதலும் தகாது. அது திரும்பி வரலாம். வங்கிக் கொடுப்பாணையாயின், அதன் இலக்கத்தை வழங்கிய கிளையிலே உசாவுதல் வேண்டும். கொடுப்பாணையிலே அச்சிட்ட தொலைபேசி இலக்கத்தை நம்பலாகாது, போலி எழுதுபவர் போலி இலக்கத்தையும் எழுதுவாரன்றோ? 2003ஆம் ஆண்டு முதல் நடைபெறும் உடனடித் தீர்ப்பனவு முறையில் வங்கிக்கு வங்கி பணம் அனுப்புதலும் கூடும். வங்கிக் கிளையிலேயே யாவரும் கூடி, பணம் தாயாரின் கணக்கில் ஏறியதை அங்குள்ள அலுவலர் வாயாற் கேட்ட பின் ஒப்பமிடுதல் எல்லாவற்றினும் எளிது. நொத்தாரிசு அங்கு வர உடன்படுவாரா என முன்னரே பேசிக்கொள்ளலாம்.

இத்தனைக்கும் இரண்டாமவர் இணங்குவாராயின், அவருக்கு விலையிற் சிறிது குறைத்துக் கொடுப்பதில் நட்டமில்லை. கடிதம் தரத் தயங்குவாராயின், முதலாமவருடைய வங்கி கடனுக்கு ஒப்புதல் தரும்வரை சில கிழமைகள் பொறுத்திருக்கலாம். அதுவரை வீட்டுத் திறப்பு தாயாரின் மடியிலேயே இருக்கட்டும்.