டமாஸ்க் ரோஜாவின் தாய் தந்தை

பன்னீரும் அத்தரும் வடிக்கிற ரோஜாக்களில் பேர்போனது டமாஸ்க் ரோஜா. பல்கேரியாவின் கசன்லாக் பள்ளத்தாக்கில் அதிகாலையிலேயே அதைப் பறித்துவிடுவார்கள். வெயில் ஏறினால் வாசனை குறைந்துவிடும்.

இந்தச் செடியின் பெற்றோர் யார்? இலை, முள், காய் ஆகியவற்றைப் பார்த்துத்தான் முன்பு அனுமானித்தார்கள். கோடையில் மட்டும் பூக்கும் வகைக்கு ஒரு வம்சம், இலையுதிர் காலத்திலும் பூக்கும் வகைக்கு வேறொரு வம்சம் என்று நூல்களில் எழுதி வைத்திருந்தார்கள்.

2000-ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர்கள் நான்கு பழைய டமாஸ்க் வகைகளின் மரபணுவைச் சோதித்தார்கள். அவற்றில் ஒன்று 'யார்க் அண்ட் லங்காஸ்டர்'. ஒரே செடியில் வெள்ளைப் பூ, இளஞ்சிவப்புப் பூ, இரண்டும் கலந்த பூ எல்லாம் மலரும். இன்னொன்றின் மொட்டிலோ பாசி படர்ந்தாற்போல் இருக்கும். ஆனால் நான்கின் மரபணு அடையாளமும் ஒன்றே! விதையால் பிரிந்தவை அல்ல. ஒரே தாய்ச்செடியின் பதியன்களாகக் கைமாறி வந்தவை.

இலையின் பச்சையம் இருக்கும் பசுங்கணிகத்தின் மரபணு ரோஜாவில் தாய்வழியாகத்தான் வரும். அதை வைத்துத் தாய் கஸ்தூரி ரோஜா என்று கண்டார்கள். அதற்கு மகரந்தம் தந்தது காலிகா ரோஜா. அவற்றின் பிள்ளையோடு சேர்ந்த மூன்றாவது ரோஜாவைத்தான் யாரும் எதிர்பார்க்கவில்லை: மத்திய ஆசிய மலைகளின் காட்டு ரோஜா, ஃபெட்சென்கோவானா. அது ஒரே பருவத்தில் பலமுறை பூக்கும். இலையுதிர் டமாஸ்க் மறுபடி பூப்பது அந்தக் காட்டுச்செடி கொடுத்த சீதனமாக இருக்கலாம்.