நந்தனைத் தீயில் இறக்கியது யார்?

(மயிலாப்பூர்க் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவின் சுருக்கம்)



நாடக மேடையில் ஜனங்களை அழவைத்த துயரக் கதையைச் சினிமாவாக்கும்போது எதைக் கவனிக்கவேண்டும் என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். நான் பெரிய படிப்புப் படித்தவனல்ல. கொட்டகையில் தரை டிக்கெட்டு வாங்கி உட்கார்ந்து யோசித்தவன். அந்த யோக்கியதையைக் கொண்டே நந்தன் கதையை எடுத்துக்கொள்ளுகிறேன்.

பெரியபுராணத்தில் நந்தனை வேலைவாங்கும் வேதியப் பண்ணையார் கிடையாது. அவரைக் கதைக்குள் கொண்டுவந்தவர் 19-ஆம் நூற்றாண்டில் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார். சிதம்பரம் போக உத்தரவு கேட்ட பண்ணையாளை, நாற்பது வேலியையும் ஒரே இரவில் பயிரிட்டுவிட்டுப் போ என்கிறார் அந்த வேதியர். பண்ணையாளின் துயரம் இங்கே அப்பட்டமாய்த் தெரிகிறது. ஆனால் நடப்பதென்ன? தெய்வ அற்புதத்தால் பயிர் விளைந்துவிடுகிறது! வேலை வாங்கினவனைக் கேள்வி கேட்க இடமே இல்லாமற் போகிறது. முடிவிலோ, நந்தன் தீயில் மூழ்கிப் பூணூலோடு எழுந்தால்தான் கோவிலுக்குள் போகலாமாம்!

1935-ல் கே.பி. சுந்தராம்பாள் ஒரு லட்சம் ரூபாய் பெற்று நந்தனாராக நடித்தார். நடிகைக்கு நல்ல சம்பளம் கிடைத்ததில் நமக்குச் சந்தோஷமே. 1942-ல் ஜெமினியார் எடுத்த படத்தில் தண்டபாணி தேசிகர் நடித்தார். பாட்டெல்லாம் உயர்ந்த பாட்டு, மறுக்கவில்லை. ஆனால் பாட்டில் மயங்கி அழுதவர்கள், அந்தத் தீயை மூட்டியது யார் என்று கேட்டார்களா?

1939-ல் மதுரை மீனாட்சி கோவிலுக்குள் தீண்டப்படாதார் என்று ஒதுக்கப்பட்டவர்கள் நுழைந்தார்களே, தீயில் குளித்துவிட்டா நுழைந்தார்கள்? 1947-ல் சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்ததே, அதைப் பூதகணங்களா இயற்றின? எல்லாம் மனிதர் செய்த காரியந்தான்.

இதை உணர்ந்து அக்கதையையே திருப்பிப் போட்டவர் என்.எஸ். கிருஷ்ணன். அண்ணாதுரை எழுதி 1949-ல் வெளிவந்த 'நல்லதம்பி' படத்தில் அவர் செய்த கிந்தனார் காலட்சேபத்தை நினைத்துப் பாருங்கள். நந்தன் ஏங்கியது சிதம்பர தரிசனத்துக்கு. கிந்தன் ஏங்கியது சென்னைப் பட்டணத்துப் படிப்புக்கு. நந்தன் தீக்குள் போனான். கிந்தன் பள்ளிக்கூடத்துக்குள் போனான். பக்கத்துத் தியாகராய நகரில் சிலையாக நிற்கும் அந்த மனிதர், ஜனங்களைச் சிரிக்கவைத்தே இந்த வேலையைச் செய்தார்.

ஆகையால், படம் எடுக்கும் தோழர்களே! தாராளமாய் அழவையுங்கள். ஆனால் தீப்பெட்டி யார் கையில் இருந்தது என்பதையும் காட்டுங்கள். படம் பார்க்கும் தோழர்களே! கண்ணைத் துடைத்துக்கொண்டு வீடு திரும்பும் வழியிலாவது அந்தக் கேள்வியைக் கேளுங்கள்.