நாற்பதில் சட்டம் படிக்கலாமா?

(கிள்ளானில் தொழிற்சங்க உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"வேலைக்கு வந்து இருபது வருஷமாகிவிட்டது. இனிமேல் சட்டம் படித்து வக்கீலாகலாமா?" என்ற கேள்வி நம் கிராணிமார்களிடையே அடிக்கடி எழுகிறது. மரம் சீவும் தோழர்களும் கேட்கிறார்கள். "பேரன் எடுக்கும் வயதில் புத்தகமா?" என்று சிலர் சிரிக்கிறார்கள். "படிப்புக்கு வயதேது?" என்று சிலர் முதுகில் தட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். இரண்டுமே பதிலல்ல. ஒரு குடும்பத்தின் ஐந்தாண்டு வாழ்வு சம்பந்தப்பட்ட விஷயத்தை நிதானமாக எடைபோட்டுப் பார்க்க வேண்டும்.

சட்டத்தின் அருமை இந்தக் கிள்ளான் மண்ணுக்குத் தெரியும். 1941-ஆம் ஆண்டு இவ்வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வு கேட்டார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் கேட்டார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கிய ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு, நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, தொழிலாளர்கள் சுடப்பட்டு மாண்டார்கள். அன்று சட்டம் முழுவதும் எதிர்ப்பக்கத்தில் நின்றது. இன்று நமக்கென்றும் சட்டங்கள் இருக்கின்றன. அவற்றைப் படித்துச் சொல்ல நம்மில் எத்தனை பேர் இருக்கிறோம்?

ஆனால் சட்டம் தெரிந்துகொள்வது வேறு, வக்கீலாவது வேறு. இந்த வேற்றுமையை முதலில் மனத்தில் கொள்வோம்.

ஒரு தோழர் நியாயமின்றி வேலைநீக்கம் செய்யப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 1967-ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டத்தின்படி அவர் 60 நாட்களுக்குள் மனுக் கொடுக்க வேண்டும். நாள் தவறினால் எவ்வளவு நல்ல வழக்கும் கெட்டது. மனுவுக்குப் பின் தொழில் உறவு இலாகாவில் சமரசப் பேச்சு நடக்கும். அங்கே யாருக்காகவும் வக்கீல் பேச முடியாது. சங்க அதிகாரி பேசலாம். பேச்சு முறிந்து விவகாரம் தொழில் நீதிமன்றத்துக்குப் போனாலும் சங்க அதிகாரியே நமக்காக வாதாடலாம். அங்கே வக்கீல் வருவதற்குத்தான் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும்! ஆகவே, சக தொழிலாளிக்கு உதவ வேண்டும் என்பதே உங்கள் ஆசையானால், அதற்குப் பட்டம் தேவையில்லை. சட்டப் புத்தகம், சங்கத்தின் கூட்டு ஒப்பந்தம், செக்ரோலைப் படிக்கத் தெரிந்த கண் ஆகியவை போதும். செக்ரோலைக் கிராணியைவிட நன்றாகப் படிக்கத் தெரிந்தவர் யார்?

அப்படியானால் வக்கீல் எங்கே வேண்டும்? தொழில் நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து முதலாளி உயர் நீதிமன்றம் போனால், அங்கே சங்கக் காரியதரிசி எழுந்து வாதாட முடியாது. தோட்டம் வீட்டு மனையாகி, "லயத்தைக் காலி செய்" என்று நோட்டீஸ் வந்தால், வழக்கு சிவில் கோர்ட்டுக்குப் போகும். அங்கெல்லாம் கறுப்பு அங்கி போட்டவர்தான் பேசுவார். பிரட்டுக்கு எழுந்து பழகிய ஒருவர் அந்த அங்கியைப் போட்டுக்கொண்டால் எவ்வளவு நன்மை! அதனால்தான் இந்தக் கேள்வியை நாம் தள்ளிவிடவில்லை.

இனி வழியைப் பார்ப்போம். 1976-ஆம் ஆண்டின் சட்டத் தொழில் சட்டம் 18 வயது நிரம்ப வேண்டும் என்று கூறுகிறது; இத்தனை வயதுக்கு மேல் கூடாது என்று கூறவில்லை. வேலையில் இருப்பவர்கள் பலர் எடுத்த பாதை, லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிச் சட்டப் பட்டம். லண்டனுக்குப் போகாமலே எழுதும் இந்த முறை 1858-இல் தொடங்கியது. பிரிக்பீல்ட்ஸில் 1991-இல் தொடங்கிய ஒரு சட்டக் கல்லூரி, வட்டாரத்தின் பெயரைத் தாங்கியபடியே பெட்டாலிங் ஜெயா வரை வளர்ந்திருக்கிறது.

பட்டத்துக்குக் குறைந்தது மூன்று ஆண்டு. பிறகு சி.எல்.பி. பரீட்சை, ஐந்து தாள்கள். மலாய் மொழித் தகுதியும் வேண்டும். அதன் பிறகு ஒரு மூத்த வக்கீலிடம் ஒன்பது மாதப் பயிற்சி. எல்லாம் கூட்டினால் ஐந்தாண்டுக்குக் குறையாது. நாற்பதில் தொடங்கியவர் நாற்பத்தைந்தில் முடிப்பார். பரீட்சையில் ஒருமுறை தவறினால் இன்னும் தள்ளிப்போகும். லண்டன் பரீட்சை முழுதும் ஆங்கிலம். ஆங்கிலம் தடுமாறினால் முதலாண்டை அதற்கே கொடுத்துவிடுங்கள்.

பலரும் கவனிக்காத ஒன்றைச் சொல்கிறோம். அந்த ஒன்பது மாதமும், வழக்கறிஞர் மன்றத்தின் சிறப்பு அனுமதியின்றி வேறு வேலை பார்க்கக் கூடாது. இரவில் படித்து, பகலில் உழைத்து வந்தவர் அப்போது சம்பளத்தை விட்டாக வேண்டும். பயிற்சியில் கிடைக்கும் படி குடும்பத்துக்குப் போதும் என்று எண்ணிவிடாதீர்கள். ஒன்பது மாத அரிசி, பருப்பு, வாடகை, பிள்ளைகளின் பள்ளிச் செலவு ஆகியவற்றை முதலாண்டிலிருந்தே சேர்த்து வையுங்கள். சேர்க்க வழியில்லை என்றால் தொடங்காதீர்கள், அதில் வெட்கமில்லை.

இன்னொன்று. முதல் தவணைப் பணம் கட்டுமுன், உங்கள் பழைய சான்றிதழ்களும் சேரப்போகும் பட்டமும் சி.எல்.பி.க்கு ஏற்கப்படுமா என்று சட்டத் தொழில் தகுதி வாரியத்திடம் எழுதிக் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். கல்லூரி விளம்பரம் உத்தரவாதம் ஆகாது.

வீட்டாரையும் கேளுங்கள். கிள்ளானிலிருந்து ரயிலேறி மாலை வகுப்புக்குப் போய்வருபவர் இரவு சாப்பிட உட்காரும்போது பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள். அந்த ஐந்தாண்டும் வீட்டுப் பாரத்தைச் சுமப்பவர் மனைவியோ, கணவரோ, வயதான தாயோதான். அவர்கள் மனமொப்பிச் சம்மதித்தால்தான் படிப்பு நிலைக்கும். பெண் தோழர்களே, இது உங்களுக்கும் பொருந்தும். நீங்கள் படிக்க விரும்பினால் அடுப்படியைப் பங்குபோட்டுக்கொள்வது ஆண்களின் கடமை.

நமக்கு முன் நடந்த ஒருவரைச் சொல்கிறோம். நாகப்பட்டினத்தில் 1922-இல் பிறந்த பாலா தம்பு, இலங்கையில் அரசாங்க விவசாயத் துறையில் விரிவுரையாளராக இருந்தார். 1947 வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டதற்காக வேலையை இழந்தார். மறு ஆண்டே, கம்பெனி எழுத்தர்களைக் கொண்ட சிலோன் மெர்க்கன்டைல் யூனியனின் பொதுச் செயலாளரானார். செடிகொடிகளைப் பற்றிப் பாடம் நடத்தியவர், பிறகு சட்டமும் படித்து வக்கீலானார். வக்கீலான பின் சங்கத்தை விட்டாரா? இல்லை! 2014-இல் கண்மூடும் வரை அதே சங்கத்தின் பொதுச் செயலாளராகவே இருந்தார். சட்டம் அவருக்குச் சங்கத்தை விட்டு வெளியேறும் வாசலாக இருக்கவில்லை. சங்கத்தின் கைக்கு ஒரு கருவியாக இருந்தது.

எனவே தோழர்களே, வயதை எண்ணாதீர்கள், மூன்றை எண்ணுங்கள். இந்தப் படிப்பு எதற்கு? வீடு தாங்குமா? முடித்த பின் யாருக்காக வாதாடுவோம்? மூன்றுக்கும் நேரான பதில் இருந்தால் துணிந்து சேருங்கள். இல்லையென்றால் சங்கத்தின் சட்ட வகுப்பைக் கேளுங்கள். இல்லாத கிளையில் நாமே ஒன்றைத் தொடங்குவோம். அறுபதாவது நாள் தாண்டுமுன் ஒரு தோழரின் மனுவை எழுதிக் கொடுக்கத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்க வேண்டும். வக்கீலாகாவிட்டாலும் அந்த ஒருவராக நாம் எல்லோரும் ஆகலாம்.