கிரேக்கம் யாருக்குப் பாடம்?



கூட்டம் தொடங்கும் முன் ஒரு தம்பி கேட்டார்: "அடிமைகளை வைத்து வாழ்ந்த சமூகம், பேச்சு வழக்கில் இல்லாத பழைய மொழி. பல்கலைக்கழகங்களில் பண்டைய கிரேக்கமும் இலத்தீனும் இன்னும் எதற்கு? இழுத்து மூடினால் என்ன?" நியாயமான கோபம். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அமெரிக்காவில் ஜான் கால்ஹூன் என்று ஒருவர். துணைக் குடியரசுத் தலைவராக இருந்தவர், அடிமை முறையின் பெரிய வக்கீல். கிரேக்க இலக்கணம் தெரிந்த ஒரு கறுப்பரைக் காட்டுங்கள், அவர்களும் மனிதர்கள்தான் என்று ஒப்புக்கொள்கிறேன் என்று ஒரு விருந்தில் சொன்னாராம். இதை எழுதி வைத்தவர் அலெக்சாண்டர் கிரம்மெல் என்ற கறுப்பினப் பாதிரியார். சிறுவயதில் அந்தப் பேச்சு அவர் காதில் விழுந்தது. பின்னாளில் கேம்பிரிட்ஜ் போய் கிரேக்கம் படித்து, 1853-ல் பட்டம் வாங்கினார்.

அடிமைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பதே தென் மாநிலங்கள் பலவற்றில் சட்டப்படி குற்றமாக இருந்த காலம் அது. கதவைப் பூட்டிச் சாவியை மடியில் கட்டிக்கொண்டு, உள்ளே வராதவன் மனிதனா என்று கேட்கிறார்கள். நமக்குப் பழகிய குரல்தான். அம்பேத்கர் பள்ளியில் சமஸ்கிருதம் படிக்க விரும்பினார்; தீண்டத்தகாதவருக்குக் கிடையாது என்றார்கள்; பாரசீகம் எடுத்தார். 1946-ல் 'சூத்திரர்கள் யார்?' நூலை வெளியிட்டபோது, சமஸ்கிருதப் புலமை இல்லாதவர் இதை எழுதலாமா என்ற ஆட்சேபணைக்கு முன்னுரையிலேயே பதில் சொல்ல வேண்டியிருந்தது. மறுத்தவர்களே தகுதியும் கேட்பார்கள்!

வில்லியம் சாண்டர்ஸ் ஸ்கார்பரோவுக்கு வருகிறேன். 1852-ல் ஜார்ஜியா மாநிலம் மேக்கனில் ஓர் அடிமைத் தாய்க்குப் பிறந்தவர். ஒளிந்து ஒளிந்து எழுதப் படிக்கக் கற்றார். விடுதலைக்குப் பின் ஓபர்லின் கல்லூரியில் பட்டம். 1881-ல் கிரேக்கம் கற்பிக்க ஒரு பாடநூல் எழுதி வெளியிட்டார். கால்ஹூன் செத்து 31 ஆண்டுகள் ஆகியிருந்தன. கேட்ட சான்று வந்துவிட்டது, ஒப்புக்கொண்டார்களா? பால்டிமோரில் மொழியியல் அறிஞர்கள் கூடிய ஒரு மாநாட்டில், கறுப்பர் உட்கார்ந்தால் விருந்து பரிமாற மாட்டோம் என்றது விடுதி. ஸ்கார்பரோ போகவில்லை. மற்ற அறிஞர்கள் சாப்பிட்டார்கள்.

அப்படியானால் கற்றது வீணா? இங்குதான் தம்பியோடு நான் முரண்படுகிறேன். அரிஸ்டாட்டிலின் 'அரசியல்' நூலை எடுத்துக்கொள்ளுங்கள். அடிமையை உயிருள்ள கருவி என்கிறார். இயற்கையிலேயே அடிமைகளாக இருப்பவர்கள் உண்டு என்கிறார். தென் மாநில எஜமானர்களின் வக்கீல்கள் இதைத்தான் மேற்கோள் காட்டினார்கள். ஆனால் அதே நூலின் முதல் பகுதியில், எதிர்த்தரப்பு என்ன சொல்கிறது என்றும் அரிஸ்டாட்டில் குறித்திருக்கிறார்: எஜமான், அடிமை என்ற பிரிவு இயற்கையில் இல்லை, சட்டம் உண்டாக்கியது, பலவந்தத்தால் நிற்பது, ஆகவே அநீதி என்று சிலர் வாதிடுகிறார்களாம். யார் அந்தச் சிலர்? பெயர் சொல்லவில்லை. 2,300 ஆண்டுகளுக்கு முன்பே யாரோ எழுந்து நின்று வாதிட்டிருக்கிறார்கள். மறுப்பதற்காக அரிஸ்டாட்டில் எழுதிய வரியிலேயே அவர்கள் பிழைத்துக் கிடக்கிறார்கள். மேற்கோளை மட்டும் கேட்டவருக்கு அவர்கள் தென்பட மாட்டார்கள். நூலைத் திறந்தவர் கண்ணில்தான் படுவார்கள்.

இந்தத் துறையே வெள்ளை மேலாதிக்கத்துக்குக் கல் நட்டது, கலைத்துவிடலாம் என்ற வாதம் இன்று அமெரிக்காவில் உண்டு. துறைக்குள்ளிருந்தே சொல்கிறார்கள். குற்றச்சாட்டை ஏற்கிறேன், தீர்ப்பை ஏற்கவில்லை. ஏனென்றால் மூடத் தொடங்கினால் முதலில் எது மூடப்படும்?

வாஷிங்டனில் ஹோவர்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. அடிமை முறை ஒழிந்தபின் 1867-ல் தொடங்கப்பட்ட கறுப்பின மக்களின் பல்கலைக்கழகம். பண்டைய கிரேக்க, ரோமானிய உலகில் கறுப்பர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று 1970-ல் நூல் எழுதிய ஃபிராங்க் ஸ்நோடன் அங்கேதான் கற்பித்தார். டோனி மாரிசன் ஆங்கிலத்தோடு துணைப்பாடமாக இதை அங்கேதான் படித்தார். அந்தச் செவ்வியல் துறையைக் கலைப்பதாக 2021-ல் நிர்வாகம் அறிவித்தது.

ஹார்வர்டில் அந்தத் துறை இன்றும் நடக்கிறது, தம்பி.