பள்ளிப் பிள்ளைக்கு மடிக்கணினி: வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

(கன்னியாகுமரி மாவட்டத்தில் ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



வட்டார வளர்ச்சி அலுவலர் பேச எழுந்தால் விதை, உரம், வாய்க்கால் மராமத்து, குடிநீர் இவற்றுள் ஒன்றைப் பற்றித்தான் பேசுவார் என்று நீங்கள் எதிர்பார்ப்பது இயல்பே. இன்று நாம் பேசப் புகுவது மடிக்கணினியைப் பற்றி. இது நகரத்தார் விஷயம் என்று எவரும் ஒதுக்கிவிட வேண்டாம். கும்பப்பூ அறுவடை முடிந்து நெல் விற்ற பணம் கைக்கு வந்தவுடன், மேல்நிலை வகுப்புக்குப் போகும் பிள்ளை ஒரு மடிக்கணினி கேட்டு நிற்கும் வீடு இப்போது ஊருக்கு ஊர் உண்டு. அந்தப் பணம் எத்தனை ஆண்டு உழைக்கும் பண்டமாக மாறுகிறது என்பது விவசாயக் குடும்பத்தின் வரவு செலவைச் சேர்ந்த விஷயம்.

முதலில் பணத்தை நெல்லாக்கிப் பார்ப்போம். 2025-26 கொள்முதல் பருவத்தில் சாதாரண ரக நெல்லுக்கு, மத்திய அரசின் ஆதார விலையும் மாநில அரசின் ஊக்கத்தொகையும் சேர்ந்து, குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். மடிக்கணினியின் விலை 35,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அது 14 குவிண்டால் நெல். உழவு, நடவு, உரம், அறுவடைக் கூலி எல்லாம் அந்த நெல்லுக்குள்ளேதான் இருக்கின்றன. செலவு போக மிஞ்சுவதைக் கணக்கிட்டால், ஒரு சிறு விவசாயிக்கு இது ஒரு பூவின் இலாபம் முழுவதையும் விழுங்கக்கூடிய தொகை. ஆகவே மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்து, சுழி பார்த்து வாங்கிய நாம், கடையில் பளபளக்கும் விளம்பரத் தாளைப் பார்த்த மாத்திரத்தில் பணத்தை எண்ணிக் கொடுப்பது பொருந்தாது.

அரசாங்கம் இலவசமாகக் கொடுக்குமே என்று சிலர் கேட்கக்கூடும். 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய திட்டத்தின் கீழ், அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் மேல்நிலை வகுப்பு பயின்ற பல இலட்சம் பிள்ளைகள் விலையில்லா மடிக்கணினி பெற்றார்கள். தந்தையார் பெயரில் சைக்கிள் தவிர வேறு எந்திரமே இல்லாத வீடுகளில் அது புகுந்து விளக்கேற்றியது உண்மை. கொரோனாத் தொற்றுக் காலத்தோடு அந்த வழங்கல் நின்றுபோயிற்று. பின்னர் 2025 மார்ச்சு மாத வரவு செலவுத் திட்டத்தில் இரண்டு ஆண்டுகளில் 20 இலட்சம் மாணவருக்கு என்று அறிவிக்கப்பட்டு, 2026 சனவரியில் தொடங்கியது கல்லூரி மாணவருக்கானது. பள்ளிப் பிள்ளையின் தேவையைக் குடும்பமே பார்த்துக்கொள்ள வேண்டிய நிலை அதனால் வந்தது.

தேவை என்ற சொல்லைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தனி மடிக்கணினி வேண்டியதில்லை என்பது நமது துணிபு. பள்ளியின் கணினி அறையும் வீட்டுக்குப் பொதுவான ஒரு கருவியும் அப்பிள்ளைக்குப் போதும். பதினோராம் வகுப்பில் கணினி அறிவியல் எடுத்த பிள்ளையின் கதை வேறு. நம் மாநிலப் பாடத்திட்டத்தில் 2018-19 முதல் பதினோராம் வகுப்பில் சி பிளஸ் பிளஸ் என்ற மொழியும், அடுத்த ஆண்டில் பைத்தான் என்ற மொழியும் வந்தன. இவற்றைக் கையால் தட்டிப் பழகாமல், நோட்டில் எழுதி மனப்பாடம் செய்யும் பிள்ளை நீந்தக் கற்கப் புத்தகம் வாங்கிய பிள்ளையாகும். 2020-ல் பள்ளிகள் மூடியபோது அப்பனின் கைப்பேசியை மூன்று பிள்ளைகள் பங்கிட்டுப் படித்ததையும் நாம் பார்த்தோம். கைப்பேசியில் பாடம் கேட்கலாம். பாடம் செய்ய இயலாது.

மலிவு என்பதற்காக மட்டும் வாங்கிய கருவி எப்படி முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. 2011 அக்டோபரில் மத்திய அரசு ஆகாஷ் என்னும் பெயரில் மிகக் குறைந்த விலைப் பலகைக் கணினியை வெளியிட்டது. தொடுதிரை மந்தம், மின்கலம் நில்லாமை என்று குறைகள் எழுந்து, எதிர்பார்த்த பயன் வராமற் போயிற்று. வெளிநாட்டில் 2005-ல் நூறு டாலர் மடிக்கணினி என்று பெருமுழக்கத்தோடு அறிவிக்கப்பட்டது, உற்பத்திக்கு வந்தபோது ஏறக்குறைய இருநூறு டாலராயிற்று. ஆயினும் அதைச் செய்தவர்கள் ஒரு காரியத்தை நன்றாகச் செய்தார்கள்: தூசியும் நீரும் புகாத இரப்பர் விசைப்பலகை அமைத்தார்கள். பெரு நாட்டில் அது இலட்சக்கணக்கில் வழங்கப்பட்டது. பின் நடந்த ஆராய்ச்சியில் கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகள் தேர்ச்சி உயர்ந்ததாகத் தெரியவில்லை. கருவி தானாகப் பாடம் நடத்திவிடாது என்பதை இதைக் கொண்டு அறிகிறோம்.

இனிக் கடைக்குள் நுழைவோம்.

கடைக்காரர் முதலில் சொல்லும் சொல் செயலியின் பெயராயிருக்கும். "ஐ-7, ஐயா! மிக உயர்ந்தது" என்பார். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஐ-3, ஐ-5, ஐ-7 என்பவை வரிசை மட்டுமே. எந்தத் தலைமுறை என்பது அதன் பின்னே வரும் எண்ணில் இருக்கிறது. 8250 என்றிருந்தால் எட்டாம் தலைமுறை. 1215 என்றிருந்தால் பன்னிரண்டாம் தலைமுறை. 2012-ல் வந்த மூன்றாம் தலைமுறை ஐ-7 ஒன்றைக் காட்டிலும், 2022-ல் வந்த பன்னிரண்டாம் தலைமுறை ஐ-3 வேகமாயும் குறைந்த மின்சாரத்திலும் வேலை செய்யும். கிழட்டு எருதுக்குக் கொம்பில் எண்ணெய் தடவி நிறுத்தியிருப்பதைக் கண்டுகொள்ளும் கண் உங்களுக்கு உண்டு. அதே கண்ணால் இந்த எண்ணையும் பார்க்க வேண்டும். மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் 10-க்குக் கொடுத்துவந்த வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ல் நிறுத்திவிட்டது. அதற்கு அடுத்த விண்டோஸ் 11, இன்டெல் செயலிகளில் எட்டாம் தலைமுறைக்கு முற்பட்டவற்றை, மிகச் சில நீங்கலாக, ஏற்பதில்லை. எட்டு என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொண்டாலே பாதிக் கடைப் பேச்சுக்கு விடை கிடைத்துவிடும்.

அடுத்தது நினைவகம். 8 ஜி.பி. வேண்டும். 4 ஜி.பி. உள்ளது இன்று ஓடும். இரண்டு ஆண்டில் முனகும். பின்னாளில் கூட்டிக்கொள்ளச் செருகிடம் உண்டா, அல்லது பலகையோடு பற்றவைக்கப்பட்டதா என்று கேட்க வேண்டும். பற்றவைத்ததை ஒருகாலும் மாற்ற இயலாது. சேமிப்புக்கு எஸ்.எஸ்.டி. என்ற வகையே வாங்க வேண்டும், 256 ஜி.பி. பள்ளிப் பிள்ளைக்குத் தாராளம். மிக மலிவான சிலவற்றில் இ.எம்.எம்.சி. என்ற வகையில் 64 ஜி.பி. மட்டும் வைத்திருப்பார்கள். விண்டோஸ் 11 நிறுவுவதற்கே குறைந்தது அவ்வளவு இடம் வேண்டும் என்கிறார்கள். விதைக்கே போதாத வயலில் விளைச்சல் எங்கே எடுப்பது? அதைத் தொடவே வேண்டாம்.

விலையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 2025-ஆம் ஆண்டின் இறுதியில் நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் கடுமையாக ஏறிற்று. செயற்கை நுண்ணறிவுக்காக எழுப்பப்படும் பெருங்கணினிக் கூடங்கள் அவற்றை வாரிக்கொண்டதே காரணம். ஆகையால் போன ஆண்டு பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த விலையை வைத்துக்கொண்டு கடைக்காரரோடு மல்லுக்கு நிற்பதில் பயனில்லை. மூன்று கடைகளில் அன்றைய விலையைக் கேட்டு எழுதி வாங்குங்கள். ஊராட்சிக்கு விலைப்புள்ளி கேட்டுப் பழகிய உறுப்பினர்களுக்கு இதை நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

பலரும் பார்க்காமல் விடுவது உடலமைப்பை. மடிக்கணினி பெரும்பாலும் செயலி கெட்டுச் சாவதில்லை; கீல் ஒடிந்து சாகிறது. நம் ஊர்த் தச்சர்கள் விஜாகிரி என்பார்களே, அதுதான். திரையை ஒரு மூலையில் பிடித்துத் திறந்து மூடிப் பாருங்கள். அடிப்பலகை நெளிந்தால், கிரீச்சென்று ஒலித்தால் அது பள்ளிப் பையில் ஓராண்டு தாங்காது. விசைப்பலகையின் நடுவில் விரலால் அழுத்தினால் பள்ளம் விழக்கூடாது. இராணுவத் தரம் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பார்கள். அது அமெரிக்க இராணுவத்தின் சோதனை முறைகளின் பெயர். அதில் பல சோதனைகள் உண்டு. எவற்றைச் செய்வது என்பதை உற்பத்தியாளரே தெரிந்தெடுக்கிறார். எந்தெந்தச் சோதனை என்று கேளுங்கள். விடை வந்தால் மகிழ்ச்சி. வராவிட்டால் அந்த அச்சுக்கு விலை கொடுக்க வேண்டாம்.

உத்தரவாதம் ஓராண்டு என்பர். பழுது பார்ப்பவர் வீட்டுக்கு வருவாரா, நாம் கொண்டுபோக வேண்டுமா, கொண்டுபோவதென்றால் நாகர்கோவிலா, திருநெல்வேலியா, திருவனந்தபுரமா என்பதைப் பணம் கொடுக்குமுன் கேட்டறிய வேண்டும். நடவு நாளில் ஒரு பகல் பஸ் பயணம் என்ன விலை என்பது உங்களுக்குத் தெரியும்.

புதியது வாங்க இயலாதவர் என்ன செய்வது? இதற்கு நமது விடை, நகை அடகு வைக்க வேண்டாம், பழையதை நன்றாகப் பார்த்து வாங்குங்கள் என்பது. பெரிய நிறுவனங்கள் தங்கள் ஊழியருக்கு வாங்கிய மடிக்கணினிகளை மூன்று நான்கு ஆண்டில் கழித்துவிடுகின்றன. அவற்றைத் துடைத்துச் சரிபார்த்து விற்கும் கடைகள் உண்டு. லெனோவோ திங்க்பேட், டெல் லாட்டிட்யூட், எச்.பி. எலைட்புக் போன்ற அலுவலக வகைகள் கட்டுறுதியானவை, கீல் வலுவானது, உதிரி கிடைக்கும். 15,000 ரூபாய்க்குப் புதிதாகக் கிடைக்கும் மெலிந்த கருவி ஒன்றரை ஆண்டில் படுத்தால் ஆண்டுக்கு 10,000 ரூபாய் செலவு. 20,000 ரூபாய்க்கு வாங்கிய அலுவலகக் கருவி நான்காண்டு உழைத்தால் ஆண்டுக்கு 5,000 ரூபாய். எனினும் பழையது பழையதே. ஒவ்வோர் எழுத்தையும் தட்டிப் பார்த்து, காமிராவையும் ஒலியையும் சோதித்து, மின்கலம் செய்தபோது எவ்வளவு கொண்டது, இப்போது எவ்வளவு கொள்கிறது என்ற அறிக்கையை எடுத்துக் காட்டச் சொல்ல வேண்டும். பாதிக்குக் கீழே போயிருந்தால் புது மின்கலத்தின் விலையைக் கழித்துக் கேளுங்கள். பழைய நிறுவனத்தின் கடவுச்சொற் பூட்டு நீக்கப்பட்டிருக்க வேண்டும். வரிசை எண் எழுதிய ரசீது இல்லாமல் எதையும் வாங்கலாகாது. திருட்டுப் பொருளானால் பிள்ளையின் படிப்போடு உங்கள் நிம்மதியும் போகும்.

மென்பொருளுக்குப் பணம் வேண்டுமே என்ற கவலைக்கும் வழியுண்டு. களியக்காவிளையைத் தாண்டினால் கேரளத்துப் பள்ளிகள் பல ஆண்டுகளாக லினக்ஸ் என்னும் கட்டணமில்லாத இயங்குதளத்தில்தான் பாடம் நடத்துகின்றன. எல்லைக்கு இப்புறமும், நம் அரசு வழங்கிய மடிக்கணினிகளில் பாஸ் என்ற இந்திய லினக்ஸ் சேர்த்தே தரப்பட்டது. பைத்தான் பழக அது போதும். தமிழில் தட்டுவதற்கு 1999-ல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையைப் பிள்ளைக்குத் தொடக்கத்திலேயே பழக்கிவிடுவது நல்லது. உங்கள் மனுக்களை எழுத வெளியே பணம் கொடுக்க வேண்டியிராது.

வாங்கியபின் காப்பது பற்றிச் சில வார்த்தை. நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழை. இரண்டிலும் இடி மின்னல். வானம் இருண்டவுடன் சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட வேண்டும். இணையக் கம்பி செருகியிருந்தால் அதையும் எடுக்க வேண்டும். குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று உலோக முனைகளைத் தின்றுவிடும். சன்னலருகே திறந்து வைத்தல் கூடாது. மூன்று முனைச் செருகியை இரண்டு முனைத் துளையில் திணிப்பதும், நிலக்கம்பி இல்லாத வீட்டில் கருவியை மின்னேற்றுவதும் ஆபத்து. மெத்தைமேல் வைத்தால் அடியிலுள்ள காற்றுத் துளை அடைபட்டுச் சூடேறும். பலகைமேல் வைக்க வேண்டும். வெப்பமான இடம் தேடி எறும்பு உள்ளே புகும்; முறுக்கும் முந்திரிக்கொத்தும் தின்றுகொண்டே படிக்கும் வீட்டில் அது படையெடுத்தே வரும்.

இன்னொன்று. மகனுக்கென்று வாங்கியதை மகள் தொடக்கூடாது என்ற வழக்கம் சில வீடுகளில் இருப்பதை நாம் அறிவோம். 14 குவிண்டால் நெல்லில் அவள் கை பட்ட கதிரும் உண்டு. நேரம் வகுத்து இருவருக்கும் கொடுங்கள்.

ஊராட்சிகளும் இதில் சும்மாயிருக்க வேண்டியதில்லை. பத்துக் குடும்பங்கள் ஒரே வகையைச் சேர்ந்து வாங்கினால் விலை குறையும். ஒன்றின் சார்ஜர் மற்றதற்கு உதவும். கிராம சபை கூடும் நாளில் அந்தப் பத்துக் குடும்பங்கள் யாரென்று எழுதிக்கொள்ளலாம். பழைய விலையில்லா மடிக்கணினிகள் பல வீடுகளில் அலமாரியில் தூங்குகின்றன. தொடக்க ஆண்டுகளில் தரப்பட்டவற்றில் 2 ஜி.பி. நினைவகமும் சுழலும் வட்டும் இருந்தன. நினைவகத்தைக் கூட்டி, வட்டுக்குப் பதில் எஸ்.எஸ்.டி. பொருத்தி, லினக்ஸ் நிறுவினால், கீழ்வகுப்புப் பிள்ளைகள் எழுத்துப் பழக அவற்றுட் சில இன்னும் உதவும். பொது நூலகத்திலோ சமுதாயக் கூடத்திலோ ஒரு மேசையில் அவற்றை வைக்க இடங்கொடுக்கலாம். சாவியை வைத்திருக்க ஒரு பொறுப்பான ஆள் மட்டும் கிடைக்க வேண்டும், அதுதான் அரிது. மின்கலம் வீங்கியிருந்தால் அதைத் தொட்டு அழுத்தவோ, குப்பையோடு எரிக்கவோ, குளத்தில் எறியவோ கூடாது; தீப்பிடிக்கும், நீரும் கெடும். மின்னணுக் கழிவு வாங்குவோரிடம் தனியாகக் கொடுத்துவிட வேண்டும்.

நாம் சொல்ல வந்தது இவ்வளவே. வீட்டிலிருக்கும் மடிக்கணினியைச் சிலர் இங்கே எடுத்து வந்திருப்பதைக் காண்கிறோம். அவற்றை முன்னே கொண்டுவாருங்கள். அடியில் ஒட்டியிருக்கும் எண்ணை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்ப்போம்.