மக்காச்சோளக் கதிரின் மலர்கள்

நேயர்களே, மக்காச்சோளக் கதிர் ஒன்றின் மணிவரிசைகளை எண்ணிப் பாருங்கள். 12 இருக்கும், 14 அல்லது 16 இருக்கும். 13 வரிசை கொண்ட கதிரைக் காண்பது மிக அரிது. வரிசைகள் இரட்டைப்படையில் அமைவது ஏன்?

செடியின் உச்சியில் ஆடுவது ஆண் பூங்கொத்து. இலைக்கணுவில் மடல்களைப் போர்த்து நிற்கும் கதிரே பெண் பூங்கொத்து. பயிர் முழங்கால் உயரத்தை எட்டும் வேளையில் இளங்கதிரை உருப்பெருக்கியின் கீழ் நோக்கினால், அடியிலிருந்து நுனிவரை சிறு மேடுகள் தோன்றியிருப்பதைக் காணலாம். ஒவ்வொரு மேடும் இரண்டாகப் பிரிந்து இரு சிறுகதிர்கள் ஆகின்றது. வரிசைகளும் இவ்வாறே இணை இணையாகப் பிறக்கின்றன. ஒவ்வொரு சிறுகதிரிலும் இரு பூக்கள் அரும்பும். கீழ்ப்பூ வளராது மாயும். ‘கன்ட்ரி ஜென்டில்மேன்’ என்னும் அமெரிக்க இனிப்பு வகையிலோ கீழ்ப்பூவும் மணியாவதால், வரிசை குலைந்து மணிகள் தாறுமாறாக நெருக்கியடித்து நிற்கும்!

எஞ்சிய மேற்பூவில் முதலில் மகரந்தத் தாள்களும் சூலகமும் சேர்ந்தே அரும்புகின்றன. பின்னர் தாள்கள் குன்றிவிடச் சூலகம் ஓங்குகிறது. உச்சிப் பூக்களிலோ சூலகம் குன்றித் தாள்கள் ஓங்குகின்றன. இவ்விரண்டும் தனித்தனி இடத்தில் அமைந்தமையால்தான், தாய்ச்செடியின் உச்சிக் கொத்தைக் கிள்ளி எறிந்து கலப்பின விதையை எளிதில் ஆக்க முடிகிறது. 1957-இல் தொடங்கிய அகில இந்திய ஒருங்கிணைந்த மக்காச்சோளத் திட்டம் 1961-இல் தன் முதற் கலப்பினங்களை வெளியிட்டது.

இனி, உழவர் பெருமக்கள் கருத்தூன்ற வேண்டிய பகுதிக்கு வருவோம். கதிர் நுனியில் தொங்கும் பட்டிழைகள் அழகுக்கு அமைந்தவை அல்ல. ஒவ்வோர் இழையும் ஒவ்வொரு சூலகத்தின் நீட்சி. இழையில் மகரந்தம் படிந்து, அதன் குழல் ஏறத்தாழ ஒரு நாளில் இழைவழியே இறங்கிச் சூலை அடைந்தால்தான் ஒரு மணி உண்டாகும். கதிரின் அடிப்பகுதி இழைகள் முதலில் வெளிவரும். நுனியின் இழைகள் கடைசியில் வரும்.

வட இந்தியாவில் மழையை நம்பி விதைக்கும் பயிர் பூக்கும் தறுவாயில் வானம் பொய்த்தால் என்ன நேரும்? நீர் குன்றினால் இழை நீள்வது தடைப்படும். உச்சிப் பூக்களோ பெரும்பாலும் காலந்தவறாது மகரந்தத்தைச் சொரிந்துவிடும். பிந்தி வந்த இழைகளுக்கு மகரந்தம் இராது. கதிரின் நுனி பொக்காகும். வரிசைகள் முன்னரே அமைந்துவிட்டாலும் மணிகள் இந்தச் சில நாட்களில்தான் உறுதிப்படுகின்றன. பாசன வசதி உள்ளவர்கள் வேறெந்தத் தண்ணீரைத் தள்ளிப்போட்டாலும் இந்தத் தண்ணீரைத் தள்ளிப்போடலாகாது.

மணி பிடித்ததா என அறியவும் வழியுண்டு. மகரந்தம் சொரிந்து சில நாட்கள் கழித்து ஒரு கதிரைப் பறித்து, இழை அறாமல் மடல்களை உரித்து, மெல்ல உதறுங்கள். கருவுற்ற சூல்களின் இழைகள் தாமே உதிரும். ஒட்டிக்கொண்டிருக்கும் இழைகள் எத்தனையோ, அத்தனை மணிகள் குறையும்.