நோவைத் தணிப்பதும் அறமே



இலக்கியம் பேசவல்ல அறிஞர் பலர் அமர்ந்திருக்கும் இவ்வவையில், ரயில்வே புக்கிங் ஆபீசில் குமாஸ்தாவாக இருக்கும் நாம் மருத்துவம் பற்றிப் பேச முன்வந்தது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். பள்ளியிறுதி வகுப்போடு நம் படிப்பு நின்றது; மருத்துவ நூல் எதுவும் கற்றோமில்லை. ஆயினும் நோயாளிகளை நாள்தோறும் காண்கிறோம். பழவங்காடியிலிருந்து தம்பானூர் ரயில் நிலையம் நடக்கும் தூரமே. நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கங்களிலிருந்து அங்கு வந்திறங்கும் தமிழ் மக்களுள் பலர், 1981-ல் இந்நகரில் நிறுவப்பட்ட வட்டாரப் புற்றுநோய் மையத்தை நாடி வருபவர்கள். பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு, கிழக்கேகோட்டையில் பஸ் ஏறுகிறார்கள். ஆகவே, இன்றைய மருத்துவத்தின் அறம் யாது, அரசின் கடமை யாது என்னும் வினா நமக்கு அயலானதன்று.

எல்லா நோயும் தீர்வதில்லை. ஆனால் தீராத நோயின் வலியைப் பெரும்பாலும் தணிக்க முடியும். அதற்கு உதவும் முதன்மையான மருந்து மார்ஃபின். அஃது அபினியிலிருந்து எடுக்கப்படுவது. சட்டத்துக்கு உட்பட்டு அபினி விளைவிக்கும் மிகச் சில நாடுகளுள் நம் நாடும் ஒன்று. மத்தியப் பிரதேசத்தில் மந்த்சோர், நீமச்சு, இராஜஸ்தானத்தில் சித்தோர்கர், இப்பகுதிகளில் உழவர்கள் அரசின் உரிமம் பெற்று அதனைப் பயிரிடுகின்றனர். காஜிப்பூரிலும் நீமச்சிலும் அரசாங்கத் தொழிற்சாலைகள் உள்ளன. விலையோ பெரிதன்று.

இவ்வளவு இருந்தும் நடந்தது என்ன? போதைப் பொருள்களைத் தடுக்க 1985-ல் ஒரு கடுஞ்சட்டம் இயற்றப்பட்டது. நோக்கம் நல்லதே. ஆனால் ஒரு மருத்துவமனை சிறிதளவு மார்ஃபின் வாங்குவதற்கே வெவ்வேறு துறைகளிடம் பல உரிமங்கள் பெறவேண்டியதாயிற்று. ஓர் உரிமம் கைக்கு வருமுன் மற்றொன்றின் காலம் முடிந்துவிடும். எழுத்துப் பிழைக்கும் சிறைத் தண்டனையோ என்று அஞ்சி மருந்துக் கடைகள் அதனைக் கைவிட்டன. சில நூறு கிலோகிராமாக இருந்த நாட்டின் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு 1997-ல் 18 கிலோகிராமாகச் சுருங்கியது. ஒரு கையால் விளைத்து வெளிநாட்டுக்கும் அனுப்பிய பொருளை, மறு கையால் நம் நோயாளிக்கு எட்டாமல் பூட்டிவைத்தோம். கெட்ட எண்ணம் எவருக்கும் இல்லாமலே இத்தனை துன்பம் விளைந்தது என்பதுதான் இதில் நாம் கற்க வேண்டிய பாடம்.

பூட்டைத் திறக்க முயன்றவர்களுள் முன்னின்றவர்கள் கேரளத்தார். 1993-ல் கோழிக்கோட்டில் டாக்டர் எம். ஆர். இராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் முதலியோர் வலி தணிப்புச் சங்கம் ஒன்றைத் தொடங்கினர். மருத்துவர் மட்டும் போதாது என்று அக்கம்பக்கத்தாரையும் பழக்கி நோயாளிகளின் இல்லங்களுக்கு அனுப்பினர். 2003-ல் இராஜகோபால் முதலியோர் நம் திருவனந்தபுரத்தில் பாலியம் இந்தியா என்னும் அமைப்பை நிறுவினர். 2008-ல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கையை அறிவித்தது. இந்திய மாநிலங்களுள் இதுவே முதலாவது. 2014-ல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, பல உரிமங்களுக்குப் பதிலாக மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் ஒரே அனுமதி போதும் என்றாக்கியது.

“மருந்து தாராளமாகக் கிடைத்தால் மக்கள் அடிமையாகமாட்டார்களா?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அமெரிக்காவில் ஆக்ஸிகாண்டின் என்னும் வலி மருந்தை இலாபமே குறியாகப் பரப்பிய பர்டியூ நிறுவனம், 2020-ல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அத்தகைய மருந்துகளால் அங்கே மாண்டவர்கள் பல்லாயிரவர். ஆகவே வணிகரிடம் கட்டின்றி விடுவதும் தவறு. அச்சத்தால் பூட்டிவைப்பதும் தவறு. பயின்ற மருத்துவர், ஒழுங்கான கணக்கு, வீடுதேடிச் செல்லும் துணை ஆகிய மூன்றும் சேர்ந்ததே நல்வழி.

அரசைப் பற்றி இவ்வளவு பேசினோம். இனி நம் வீட்டைப் பற்றியும் பேசவேண்டும். புற்றுநோயாளி சிகிச்சைக்குச் செல்ல ரயில்வே சலுகை தருகிறது. படுக்கை வகுப்பில் நோயாளிக்குக் கட்டணமே இல்லை. துணைவர் காற்பங்கு கொடுத்தாற் போதும். மருத்துவமனைச் சான்றிதழை நீட்டும் மகன் குரலைத் தாழ்த்தி, “அப்பாவுக்குத் தெரியாது சார், சத்தமாய்ச் சொல்லிவிடாதீர்கள்” என்று வேண்டுவதைப் பலமுறை கேட்டிருக்கிறோம். அஃது அன்பினால் எழும் சொல்லே. ஆயினும் அந்தத் தந்தைக்குத் தீர்க்க வேண்டிய கடன் இருக்கலாம். பார்க்க வேண்டிய முகம் இருக்கலாம். விரும்பாதவர்மீது உண்மையைத் திணித்தல் கொடுமை. கேட்பவரிடம் மறைத்தலும் கொடுமையே.

இறுதிநாள் குறித்தும் அவ்வாறே. மீளமாட்டாத நிலையில் தம்மை வென்டிலேட்டரில் இட்டு உயிரை நீட்ட வேண்டா என ஒருவர் தெளிந்த மனத்தோடு முன்கூட்டியே எழுதிவைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று தீர்ப்பளித்தது. இரு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி முன் அதனை உறுதிசெய்யலாம் என 2023 ஜனவரியில் முறையும் எளிதாக்கப்பட்டது. நிலத்துக்கு உயில் எழுதும் நாம், நம் உடலைப் பற்றி வீட்டாரிடம் வாய் திறப்பதில்லை. பிள்ளைகள் மருத்துவமனை வராந்தாவில் நின்று கலங்கி, நிலத்தை விற்றுக் கட்டணம் கட்டியபின் யாரை நோவது?

சங்கத்துக்கும் இதில் ஒரு கடமை உண்டு. மலையாளத்தில் ‘வேதன’ என்றால் உடல் வலி. தமிழில் ‘வேதனை’ என்றதும் நம் நெஞ்சம் மனத்துயரையே நினைக்கிறது. “வேதன உண்டோ?” என்று செவிலியார் அன்போடு கேட்க, தென்காசிப் பாட்டி தன் குடும்பக் கவலையைச் சொல்லத் தொடங்கினால் வலி அங்கே பதிவாகாமற் போகும். மொழி தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்றால் போதும். இருமொழியும் பேசும் இளைஞர்கள் வாரத்தில் அரைநாள் ஒதுக்கலாகாதா? ஓய்வுபெற்ற பெரியோர்கள், தணிப்பு மருத்துவக் குழுவினரோடு தமிழ் இல்லங்களுக்குச் சென்று வரலாகாதா?

தாயகம் விட்டு வந்தோர் சேர்ந்து வாழ அமைத்ததே சங்கம். நோயோடு வந்திறங்கும் தமிழரும் அவ்வாறு வந்தவர்களே. நோயைத் தீர்ப்பது எல்லார்க்கும் இயலாது. நோவைத் தணிக்க ஒவ்வொருவருக்கும் இயலும். இவ்வாண்டே அதனைத் தொடங்குவோமாக.